ஓரகத்தி வீட்டு விருந்தாளிகள்

மாவடிப்பேட்டையில் குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், செண்பகவல்லி வீட்டுக்குக் கதையிலிருந்து ஆள் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும், இரண்டில் எது அதிசயம் என்று கேட்டால் ஊரில் யாரும் யோசிக்காமல் தண்ணீரைத்தான் சொல்வார்கள். கதை ஆள் சொன்ன நாளில் வந்து நிற்கிறார், தண்ணீர் அப்படியா வருகிறது என்பார்கள். ஊரிலேயே ஒருத்திக்கு மட்டும் தண்ணீர்ப் பஞ்சம் ஒரு பொருட்டாக இல்லை. அவள் செண்பகத்தின் மூத்த ஓரகத்தி ஆவுடைத்தங்கம். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்து, சுவருக்கு இந்தப் பக்கம் பெரியவளும் அந்தப் பக்கம் சின்னவளுமாகப் பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் இருவரும். அதில் பதினைந்து வருடம் சின்னவளைப் பார்த்துப் பொறாமைப்பட ஆவுடைக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

ஆவுடை படிப்பவள். வருடத்துக்கு அறுபது எழுபது புத்தகம் படிப்பாள், கிளை நூலகத்து வாசகர் வட்டத்துக்கு அவள்தான் செயலாளர். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நூலக முற்றத்து வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, 'இந்த மாதம் நான் படித்தவை' என்று நாற்பது நிமிடம் பேசுவாள், அந்த நாற்பது நிமிடத்தில் ஒருவர் இருமினாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள். ஏழு பாகத்து மாயாஜால நாவலைப் பற்றி, "மூணாம் பாகத்துலயே பறக்குற பாம்பு களைச்சுப் போச்சு, எழுதினவருக்குத்தான் களைப்புத் தெரியல" என்பாள். பெரிய பரிசு வாங்கிய இலக்கிய நாவலைப் பற்றி, "அம்பது பக்கம் மழை பெய்யுது, எம்மேல ஒரு சொட்டு விழல" என்பாள். அவள் சரியென்று தலையசைத்தால்தான் நூலகர் பிச்சையா புதுப் புத்தகத்துக்கு எழுதிப்போடுவார். இதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்தது என்பதை அவள் மறைத்ததும் இல்லை.

செண்பகம் அப்படியில்லை. அவள் படித்ததெல்லாம் தினசரிக் காலண்டரின் ராசிபலனும் கடலை மடித்து வந்த காகிதமும்தான். போன வருடம் மாடிப்படியில் வழுக்கி வலது காலில் மாவுக்கட்டோடு கிடந்தவள், "பொழுதே போகலக்கா" என்று சுவருக்கு அந்தப்பக்கமிருந்து முனகியபோது, பாவம் கிடக்கிறாளே என்று ஒரு புத்தகத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தவள் ஆவுடை. அதை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு எத்தனை முறை நெஞ்சில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. கொடுத்ததும் ஒன்றும் நல்ல புத்தகமில்லை. வேதமுத்து என்ற ஓய்வுபெற்ற கோர்ட் அமீனா இருநூறு பக்கம் யாரோடும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாவல். முந்தின மாதக் கூட்டத்தில் ஆவுடை அதை எழுந்திருக்க முடியாதபடி அடித்துப்போட்டிருந்தாள். "இந்த மனுசனுக்கு உயிரே இல்ல, மூச்சு விடுதாரான்னே தெரியல" என்றிருந்தாள்.

செண்பகம் அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து ஐந்தாவது நாள் பாதிக்கு வந்தபோது, காலை ஒன்பது மணி சுமாருக்கு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் குடையுமாக வேதமுத்து வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பலமாக ஒரு தும்மல் போட்டார். "யாருய்யா நீங்க?" என்று செண்பகம் கேட்கவில்லை. "வாங்க, சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்டாள். ஏழு இட்லி சாப்பிட்டார். அந்தத் தும்மல் சுவரைத் தாண்டி ஆவுடையின் காதில் விழுந்தது.

ஊர் முதல் நாள் எட்டிப் பார்த்தது, இரண்டாம் நாள் உள்ளே வந்து பார்த்தது, மூன்றாம் நாள் வில்லங்கச் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அமீனா வேதமுத்துவுக்குப் பாகப்பிரிவினைச் சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம். மேலத்தெருவில் இருபது வருடம் இழுத்துக் கிடந்த வேலித் தகராறை அவர் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் சாக்பீஸால் கோடு போட்டே தீர்த்துவைத்தார். செண்பகம் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்த அன்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். வாசகர் வட்டத்தில் செண்பகத்தைப் பேசச் சொன்னார்கள். அவள் நொண்டிக்கொண்டே எழுந்து, "பாவம், அவுக பேசாம இருந்ததுக்குக் காரணம் கோவமில்ல, யாரும் சாப்பிட்டியான்னு கேக்கல, அதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆவுடையின் நாற்பது நிமிடத்துக்கு அப்படிக் கைதட்டல் ஒருநாளும் விழுந்ததில்லை.

அதற்குப் பிறகு செண்பகம் எந்தக் கதையை எடுத்தாலும் ஐந்தாம் நாள் அதிலிருந்து ஒருவர் வருவதும், முடிக்கிற அன்று போவதும் அமாவாசை பௌர்ணமி மாதிரி ஊருக்குப் பழகிப்போனது. பனிமலை நாட்டு மாயக்கதையிலிருந்து நிழல் தைக்கும் ஒரு பெண் வந்தாள். அவள் இருந்த ஒன்பது நாளும் தெரு வெயிலில் வரிசையாக நின்றது, தலைமையாசிரியரின் நிழலில் முழங்கைக் கிழிசல், கொத்தனார் சுடலையின் நிழலில் இடுப்புக்குக் கீழே நைந்துபோயிருந்தது, எல்லாவற்றையும் ஊசி தெரியாமல் தைத்துக்கொடுத்தாள், தைத்துக்கொண்டவர்கள் உடம்பு லேசாக இருக்கிறது என்றார்கள். கப்பல் கதையிலிருந்து வந்த சமையல்காரர் கருவாட்டுக் குழம்பில் மாங்கொட்டை போடக் கற்றுக்கொடுத்தார், இன்றைக்கும் மாவடிப்பேட்டையில் அப்படித்தான் வைக்கிறார்கள். பேரூராட்சித் தலைவர் கூட்டம் போட்டுச் சில கட்டுப்பாடுகள் விதித்தார். கொலைகாரன் வருகிற கதை கூடாது, ராஜா ராணிக் கதை கூடவே கூடாது, யானை வந்துவிட்டால் கரும்புக்கு எங்கே போவது. செண்பகம் எடுக்கும் புத்தகத்தைப் பிச்சையா முதலில் தான் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார். தெருவில் பெண்கள் குடத்தோடு போகும்போது, "இந்தத் தடவ யாரு வந்திருக்காக? சைவமா அசைவமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆவுடைக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை மடியில் வைத்ததுபோல எரிந்தது. முப்பது வருடம் படித்தவள் வீட்டு வாசலில் ஒரு கதை ஈ கூட வந்து உட்காரவில்லை, நேற்று எழுத்துக்கூட்டினவள் வீட்டில் கதை ஆட்கள் கை நனைக்கிறார்கள். என்ன குறை தன்னிடம் என்று யோசித்து, செண்பகம் மாதிரியே மெதுவாகப் படித்துப் பார்த்தாள், வாசல் கதவைத் திறந்துபோட்டுப் படித்துப் பார்த்தாள், ஐந்தாம் நாள் ஆழாக்கு அரிசி கூடப் போட்டு உலை வைத்தாள், வெட்கத்தை விட்டுச் சொன்னால், வலது காலில் பழைய வேட்டித்துணியைச் சுற்றிக்கொண்டு செண்பகத்தின் அதே நாற்காலியை இரவல் வாங்கிவந்து அதிலும் உட்கார்ந்து படித்தாள். அன்றைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு ஓடிப் போனாள். தோளில் சிலிண்டரோடு ஒருவன் நின்றான். அவன் முகத்தை ஆசையோடு பார்த்து, "எந்தக் கதையிலருந்துப்பா வார?" என்று கேட்டாள். "கதையா? ஏஜென்சியிலருந்து வாரேம்மா" என்றான் அவன். அந்தக் கதையும் ஊரில் பரவிவிட்டது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள், ஒன்றைத் தவிர. 'ஆறு சுமந்தவள்' என்று ஒரு நாவல். ஆவுடை இருபத்திரண்டு வயதில் வாங்கி, இருபத்தேழு வருடத்தில் பத்தொன்பது தடவை படித்தது. வறண்ட நாட்டில் பிறந்த இருளாயி என்பவள், மலைராஜா பூட்டி வைத்திருக்கும் ஆற்றைத் திருடி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, குதிரைப்படை துரத்தத் துரத்தத் தன் ஊருக்கு நடக்கிற கதை. ஆவுடை கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் படித்தாள், பிள்ளை தங்காமல் போன இரண்டு தடவையும் படித்தாள், மாமியார் செத்த பதினாறாம் நாள் படித்தாள், இருளாயி தன் சொந்தத் தங்கை என்றே அவளுக்கு ஒரு நினைப்பு. மற்ற யார் வேண்டுமானாலும் செண்பகத்தின் வீட்டில் இட்லி தின்றுவிட்டுப் போகட்டும், இருளாயி போகக்கூடாது. இருளாயி அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால் தான் இத்தனை வருடம் படித்ததற்கு அர்த்தமே இல்லை என்று ஆவுடை உறுதியாக நம்பினாள்.

தன் பிரதியைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். நூலகத்தில் இன்னொரு பிரதி இருந்தது. நூலகத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம் ஒன்று உண்டு. ஒரு புத்தகம் அடுத்தவர் கையில் சிக்கக்கூடாது என்றால், அதை எடுத்து யாரும் தொடாத வேறு அலமாரியில் சொருகிவிடுவது. ஆவுடை அதைச் செய்கிறவர்களைக் கூட்டத்தில் வைத்தே திட்டியிருக்கிறாள். இப்போது அவளே ஒரு செவ்வாய்க்கிழமை, பிச்சையா டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து, 'ஆறு சுமந்தவள்' நாவலை உருவிக்கொண்டுபோய் அலமாரிகளிலேயே தூசி படிந்து கிடந்த கால்நடை வளர்ப்பு அலமாரியில் சொருகிவிட்டு வந்தாள்.

செண்பகத்துக்கு அந்த மாசிதான் அவள் அண்ணன் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கிக் கொடுத்திருந்தான். அதற்குக் கழிச்சல். என்ன கொடுக்கலாம் என்று பார்க்க அவள் நேராகக் கால்நடை வளர்ப்பு அலமாரிக்குப் போனாள். ஆட்டுப் புத்தகத்துக்கும் கோழிப் புத்தகத்துக்கும் நடுவில் இருந்த கதைப் புத்தகத்தைப் பார்த்து, 'இதுவும் எடுப்போமே' என்று எடுத்துக்கொண்டாள். பிச்சையா புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தோட வாராளே, நல்லதுதானம்மா" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை இருளாயி வந்தாள். தலையில் சுருட்டிய ஆறு, அதன் இரண்டு முனையிலும் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர், தெருமுனையிலிருந்து செண்பகம் வீட்டு வாசல் வரைக்கும் ஈரக்கோடு. ஆற்றை இறக்கிக் கூடத்து மூலையில் நிறுத்தினாள். அதிலிருந்து விரல் நீள அயிரை மீன் ஒன்று தரையில் விழுந்து துள்ளியது, செண்பகம் அதைச் சொம்பில் பிடித்துப் போட்டாள். அரைமணி நேரத்தில் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. "எங்க ஊர்ல விரிச்சுவிடு தாயி, ஒனக்குக் கோயில் கட்டுதோம்" என்று பேரூராட்சித் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இது எங்க ஊருக்குன்னு எடுத்தது, வேற இடத்துல விரிச்சா ஓடாது" என்றாள் இருளாயி. சரி என்று ஊர் ஒத்துக்கொண்டது. ஆனாலும் மூலையில் நிற்கிற ஆறு கசிகிற தண்ணீரைப் பிடிக்க வரிசையில் நிற்கலாம், வீட்டுக்கு ஒரு குடம் என்று ஏற்பாடாயிற்று.

சுவருக்கு இந்தப்பக்கம் ஆவுடை மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் குளித்து, அரக்குப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு அந்தப்பக்கம் போனாள். இருளாயி தரையில் உட்கார்ந்து செண்பகத்துக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தாள். இடது கணுக்காலில் முள்கம்பித் தழும்பு, இருபத்தாறாம் பக்கத்தில் இருக்கிற அதே தழும்பு. இருளாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க யாரு?"

பத்தொன்பது தடவை படித்தவள் என்று சொல்ல வாயெடுத்தாள் ஆவுடை. அதற்குள் "எங்க பெரியக்கா. ரொம்பப் படிப்பாக" என்றாள் செண்பகம். "அப்படியா" என்று சொல்லிவிட்டு இருளாயி சிக்கெடுக்கத் திரும்பிக்கொண்டாள். மத்தியானம் செண்பகம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள்.

"அவ கத்திரிக்கா தொடமாட்டா. நாப்பத்தேழாம் பக்கம்" என்றாள் ஆவுடை.

"எங்கூர்ல கத்திரிக்காயே கெடையாது, தொடாமத்தான் இருந்தேன்" என்று சொல்லி இருளாயி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். செண்பகம் சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை, சும்மா சிரித்தாள். ஆவுடைக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

ஆடு கத்துகிறதென்று செண்பகம் எழுந்து கொல்லைக்குப் போனாள். கூடத்தில் ஆவுடையும் இருளாயியும் மட்டும். அப்போது ஆவுடை செய்த காரியத்தை, புத்தகம் படிக்கிறவர்கள் யாரும் செய்யமாட்டார்கள். படிக்கிற இன்னொருவருக்கே செய்யமாட்டார்கள், அந்தக் கதைக்குள் வாழ்கிறவளுக்குச் செய்ய எந்தப் பாவிக்கும் மனம் வராது. ஆவுடை குனிந்து, மெதுவான குரலில், முடிவைச் சொல்லிவிட்டாள்.

"முன்னூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல நீ ஊரு போய்ச் சேருவ. ஆத்த விரிப்ப. அதுக்குப் படுகை இருக்காது, தண்ணி நாலா பக்கமும் செதறும். நீ போயி மண்ணுல படுத்துக்கிருவ. ஒம்மேல ஆறு ஓடும். எந்திரிக்கவே மாட்ட."

இருளாயி கையில் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். இரண்டு பாதமும் நனைந்திருந்தன.

கொல்லையிலிருந்து வந்த செண்பகம் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "யக்கா, என்ன சொன்னீக?" என்றாள். ஆவுடை எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தாள். "முடிவைச் சொல்லிட்டீகளா? நீங்கெல்லாம் என்ன மனுசிக்கா?" என்று கேட்டுவிட்டு, பாதியில் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்து, ஆட்டுக் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பரணில் தூக்கிப் போட்டாள். "நான் படிச்சாத்தான அவுக போவாக? நான் படிக்கல. கதை முடியவே வேண்டாம், அவுக இங்கயே இருக்கட்டும்."

ஊர் ஆவுடையை ஒதுக்கிவைத்தது. களவு, கைகலப்பு என்று எதையெதையோ மன்னித்த ஊர்தான், இதை மன்னிக்கவில்லை. "டிவி சீரியலுக்கே நாளைக்கு நடக்கப் போறதச் சொல்ல மாட்டோம், ஒரு உசுருக்கிட்ட சொல்லிருக்காளே" என்றார்கள். வாசகர் வட்டத்தில் செயலாளர் பதவியிலிருந்து அவளை எடுத்துவிட்டுச் செண்பகத்தைப் போட்டார்கள். பிச்சையா அவளிடம் புத்தகம் நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஆவுடை வெளியில் தலைகாட்டாமல் சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, அந்தப்பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தான் செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதைவிட அவளைக் குடைந்தது வேறு. ஒரு கதையைப் பாதியில் மூடி வைக்கிற அளவுக்குத் தன்னால் யாரையாவது நேசிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். முடியாது என்றுதான் பதில் வந்தது. அந்தப் பொறாமை மற்ற எல்லாப் பொறாமையையும் விடப் பெரிதாக இருந்தது.

சித்திரை போய் வைகாசி, ஆனி, ஆடி வந்தது. பிச்சையா பதினான்கு நாளைக்கு ஒருமுறை புத்தகத்தைப் பார்க்காமலே புதுப்பித்துக் கொடுத்தார். இருளாயி குழாயடியில் குடம் வைக்கச் சண்டை போட்டாள், சாயங்கால சீரியல் பார்த்து வில்லியைத் திட்டினாள், தெருவில் இன்னொரு பெண்ணாக ஆகிப்போனாள். ஆனால் மூலையில் நின்ற ஆறு இளைத்தது. கோரைப்பாய்ச் சுருள் கனத்தில் வந்தது, ஜமுக்காளம் கனமாகி, பிறகு துண்டு கனமாகி, கசிவு நின்று, குடத்து வரிசையும் நின்றுபோனது. சொம்பிலிருந்த அயிரை ஒருநாள் செத்து மிதந்தது.

ஆடி இரண்டாம் வெள்ளி மத்தியானம், செண்பகம் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்த நேரம், ஆவுடை வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். இருளாயி நின்றாள், கையில் நனைந்த கைக்குட்டை கனத்துக்கு ஆறு.

முப்பது வருடம் படித்தவள் காத்துக் கிடந்த வாசல் அது. ஆவுடை கதவை அகலத் திறந்துபோட்டு விலகி நின்றாள். "வா. சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பாடெல்லாம் ஆச்சு. இதப் பாத்தியா? சாகக் கெடக்கு" என்று இருளாயி ஆற்றை நீட்டிக் காட்டினாள். "அவ படிக்க மாட்டேங்கா. காலப் பிடிச்சும் கேட்டுட்டேன். எம்மேல அம்புட்டுப் பாசம். நீ படி."

"நான் படிச்சு யாரும் வந்ததும் கெடையாது, போனதும் கெடையாது."

"நீ அன்னைக்குச் சொன்னப்ப எங்காலு நனைஞ்சுச்சே, பாக்கல? ஒன்வாய்க்கு நான் கட்டுப்பட்டுத்தான் இருக்கேன்."

ஆவுடை பீரோவைத் திறந்து சேலைக்கு அடியிலிருந்து தன் பிரதியை எடுத்தாள். எடுக்கும்போதே அவளுக்குள் ஒரு குதியாட்டம் எழுந்தது, அது நல்ல எண்ணத்தால் வந்ததில்லை. செண்பகம் கூழ் ஊற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அவள் வீடு காலியாக இருக்கும் என்ற நினைப்பால் வந்தது. அவள் அதை முகத்தில் மறைக்கப் பார்த்தாள்.

"அவகிட்டருந்து என்னப் பிரிக்கணும்னுதான படிக்கப் போற?" என்றாள் இருளாயி.

"ஆமா" என்றாள் ஆவுடை.

"இருந்துட்டுப் போகுது. சுத்தமாப் படி, ஒண்ணையும் விடாத."

செண்பகம் நிறுத்தியிருந்த நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்திலிருந்து ஆவுடை வாசித்தாள். இருளாயி சுவரில் சாய்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, தான் நடக்கப் போகிற வழியை யாரோ ஒருத்தியின் வழியைக் கேட்பதுபோலக் கேட்டாள். குதிரைகள் வந்தன, உப்பளம் வந்தது, பொய் சொன்ன பூசாரி வந்தான், "இவன நம்பி ஏமாறப் போறேனா, சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மடியில் இருந்த ஆறு பக்கத்துக்குப் பக்கம் பருத்து, துண்டாகி, ஜமுக்காளமாகி, பாயாகி, தரையில் ஈரம் படர்ந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆவுடையின் குரல் உடைந்தது. பத்தொன்பது தடவை கண்ணால் படித்தது வேறு, எதிரில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வாயால் சொல்வது வேறு. நிறுத்திவிடலாம், இவள் இங்கேயே இருக்கட்டும், செண்பகத்தின் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்தாள். இருளாயி கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்றாள். ஆவுடை படித்தாள். அவள் படுத்தாள், ஆறு அவள்மேல் ஓடியது, அவள் எழுந்திருக்கவில்லை என்பது வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடப் போனாள்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள் இருளாயி.

"இல்ல, இன்னும் நாலு பக்கம் இருக்கு. அதுல நீ கெடையாது."

"அன்னைக்கு இதச் சொல்லலியே நீ?"

ஆவுடை தலைகுனிந்தாள். அன்றைக்கு அவளுக்கு அது சொல்லத் தோன்றவில்லை.

"அதப் படி. நான் பாக்காததாச்சே" என்றாள் இருளாயி.

ஊர் கரைக்கு ஓடி வருகிற நாலு பக்கம் அது. கிழவர்கள் இடுப்பளவு இறங்கி நிற்கிறார்கள், பயந்த பிள்ளைகள் தண்ணீரைக் குச்சியால் தொட்டுப் பார்க்கிறார்கள், ஒருத்தி பச்சைக்குழந்தையின் தலையில் முதல் கை தண்ணீரை வார்க்கிறாள், யாரும் இருளாயியைத் தேடவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தாகம். ஆவுடை படிக்கப் படிக்க இருளாயி வாயைப் பிளந்து கேட்டாள், பிள்ளைகள் குச்சி வைத்துத் தொடுகிற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தாள், "இன்னொருக்க அந்த இடத்தைப் படி" என்றாள், ஆவுடை இன்னொருமுறை படித்தாள். கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் யாரும் இல்லை. தரை முழுக்கத் தண்ணீர் நின்றது.

பொழுது அடைந்தபின் கோயிலிலிருந்து வந்த செண்பகம் தன் வீட்டு மூலையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து ஆவுடையின் வாசலில் நின்றாள். தண்ணீரையும், மடியில் இருந்த புத்தகத்தையும் பார்த்தாள். "கூட்டிட்டுப் போய் விட்டுட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள். ஆவுடை ஆமாம் என்றாள். செண்பகம் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "கடைசியில என்னக்கா ஆச்சு அவுகளுக்கு?" என்றாள்.

சொல்வதற்கு ஆவுடையின் வாயில் முழுக்கதையும் இருந்தது. "போய் ஒம்புத்தகத்த எடுத்துட்டு வா. நீயே படிச்சுக்கோ" என்றாள்.

செண்பகம் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்து, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, ஈரத்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஆவுடை விடிய விடிய எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் செண்பகத்தின் புருவம் நெரிந்தது, பூசாரி வந்தபோது "அடப்பாவி" என்றாள், அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு தாளையும் பயந்து பயந்து திருப்பினாள். அந்தத் தெரியாமை ஒரு காலத்தில் ஆவுடைக்கும் இருந்தது, இருபத்திரண்டு வயதில் ஒரே ஒருமுறை. இனி எத்தனை தடவை படித்தாலும் அது வராது, தட்டிக் கேட்டாலும் வராது, வேண்டி நின்றாலும் வராது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது, போகவும் முடியவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செண்பகம் வாய்விட்டு அலறிப் புத்தகத்தைக் கவிழ்த்து நெஞ்சில் போட்டுக்கொண்டாள்.

ஆவுடை நகர்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை நிமிர்த்தி, தாளைத் திருப்பிக் கையில் கொடுத்தாள்.

"அழுதுகிட்டே படிச்சா எழுத்து தெரியாதுடி. கண்ணத் தொடச்சிக்கோ. மெதுவாப் படி, இன்னும் நாலு பக்கம் இருக்கு" என்றாள்.